அப்பாவுக்கு இசிஎச்எஸ் கார்டு, பர்மாவிலிருந்து திரும்பாத பெரியவருக்கு ஒரு தேடல்

கேள்வி: "அப்பா 24 வருடம் ராணுவத்தில் இருந்து 2001-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். ஊர் வேலூர் பக்கம். மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி வருகிறதே என்று இசிஎச்எஸ்-ல் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) சேரவே இல்லை. இப்போது சர்க்கரை, முழங்கால் வலி, காதும் மந்தம். இனிமேல் சேர முடியுமா? திடீரென்று ஏதாவது ஆனால் எங்கே போவது? இன்னொன்று: தாத்தாவின் அண்ணன் பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அவர் பெயர் எங்காவது எழுதியிருக்குமா?"

இரண்டு கேள்விக்கும் முதலில் தேவைப்படுவது ஒன்றுதான்: ஆர்மி நம்பர் என்ன, பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கிறது. அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓ-வையும் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) எடுத்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேர முடியும். இசிஎச்எஸ் திட்டம் 2003 ஏப்ரல் 1-ல் தொடங்கியது. அதற்குப் பிறகு பென்ஷனில் வந்தவர்களுக்கு அது கட்டாயம். பங்களிப்புத் தொகையை ஓய்வுப் பலனிலேயே பிடித்துவிடுவார்கள். அதற்கு முன் வந்தவர்களுக்கு விருப்பப்பட்டால் மட்டும். 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களும் போர் விதவைகளும் பணம் கட்ட வேண்டாம். உங்கள் அப்பா இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் வருகிறார், ஆகவே கட்டித்தான் சேர வேண்டும். ஒரே முறை கட்டினால் போதும், ஆயுளுக்கும் செல்லும். ஹவில்தார் வரை 30,000 ரூபாய், நாயிப் சுபேதாரிலிருந்து சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஆஸ்பத்திரியில் படுக்கையும் இதே வரிசைதான்: பொது வார்டு, இருவர் அறை, தனி அறை.

சேர்ந்தால் அந்த 1,000 ரூபாய் படி நின்றுவிடும். பலர் தயங்குவது இதற்காகத்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். படி வருடத்துக்கு 12,000. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இரண்டு பேர் மாத்திரை வாங்கினாலே அது கரைந்துபோகும். ஒரு பைபாஸோ முட்டி மாற்று அறுவையோ வந்தால் லட்சக்கணக்கில் ஆகும், அதைப் படியில் சேர்த்து வைத்தவர் யாரும் இல்லை. அறுபது தாண்டிய எந்த பென்ஷன்தாரரும் படிக்காக கார்டை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கார்டில் அம்மா வருவார். மகன் என்றால் 25 வயது வரை, அதுவும் வேலையும் கல்யாணமும் ஆகாதிருந்தால். மகளுக்கு வேலையோ கல்யாணமோ ஆகும்வரை. ஊனமுற்ற பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. அப்பாவைப் பெற்றவர்கள் இருந்தால், அவர்கள் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய பஞ்சப்படியும் தாண்டாமல் இருந்தால், அவர்களையும் சேர்க்கலாம். மகளுக்குக் கல்யாணமானதையோ மகனுக்கு வேலை கிடைத்ததையோ தெரிவிக்காமல் பழைய கார்டையே நீட்டுவது பிற்பாடு பெரிய தொல்லையில் முடியும். சிகிச்சைச் செலவைத் திரும்பக் கேட்பதோடு கார்டையும் முடக்குவார்கள்.

இங்கே ஒரு இடைச்செருகல். உங்கள் ஊரிலேயே ஐந்தாறு வருடம் சர்வீஸ் செய்துவிட்டு பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் இருப்பார்கள். பென்ஷன் இல்லையென்றால் பொதுவாக இசிஎச்எஸ் கிடையாது. 2019 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இரண்டாம் உலகப்போர் வீரர்கள், எமர்ஜென்சி கமிஷன், ஷார்ட் சர்வீஸ் அதிகாரிகள் போன்ற சிலருக்கு மட்டும் திறந்துவிட்டது. மற்றவர்களில் 65 வயது கடந்த, ஹவில்தார் வரையிலான ஏழை வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு வழியாக வறுமை உதவித்தொகை உண்டு. 2025 நவம்பர் முதல் வரும் விண்ணப்பங்களுக்கு அது மாதம் 4,000-லிருந்து 8,000 ரூபாயாகியிருக்கிறது. கேட்கப் போக வேண்டிய இடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். தெரியாமலே இருப்பவர்கள்தான் இதில் அதிகம். உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால் போய்ச் சொல்லுங்கள்.

இனி காகிதம். விண்ணப்பம் இணையத்தில்தான்: அப்பாவின் பிபிஓ, டிஸ்சார்ஜ் புக், ஆதார், பான், இரத்த வகை, புகைப்படம், சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் ஆதாரும் பிறந்த தேதிச் சான்றும், பணம் கட்டிய ரசீது, மருத்துவப் படியை நிறுத்தச் சொன்னதற்கான சான்று. ஏற்றுக்கொண்டபின் கார்டு வரும்வரை தற்காலிகச் சீட்டை அச்செடுத்துப் பயன்படுத்தலாம். இதெல்லாம் எளிது. சிக்குவது பெயரில்.

நம் ஊரில் பெயர் ஏறும் விதமே இதற்குக் காரணம். பட்டாளத்தில் சேர்ந்த அன்று கிளார்க் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்; ஆதாரில் இனிஷியலோடு இருப்பது; வங்கியில் அப்பா பெயரையும் சேர்த்து நீட்டியிருப்பது. அம்மா விஷயத்தில் இன்னும் மோசம். கல்யாணமானபோது யூனிட்டில் 'லட்சுமி' என்று பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தைப் பதியும் உத்தரவு) போட்டிருப்பார்கள், ஆதாரில் 'லட்சுமியம்மாள்', பிறந்த தேதி ஒன்றில் வருடம் மட்டும், மற்றதில் ஜனவரி 1. இணைய விண்ணப்பம் இதை ஒரே ஆளாகப் பார்க்காது. ஆதாரை மாற்றி பிபிஓ-வுக்குப் பொருத்துவதா, ராணுவ ரெக்கார்டை மாற்றி ஆதாருக்குப் பொருத்துவதா என்று கேட்டால், அப்பாவின் பெயர் பிபிஓ-வில் சரியாக இருக்கும் பட்சத்தில் ஆதாரைத் திருத்துவதுதான் வேகமான வழி. அம்மாவின் பெயர் ரெக்கார்டிலேயே தவறென்றால் ஆதாரைத் தொடாதீர்கள். நோட்டரி உறுதிமொழிப் பத்திரம், கல்யாணச் சான்று அல்லது அதற்குச் சமமான சான்று, இருவரும் சேர்ந்த புகைப்படம் இவற்றோடு நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட் ஆபீசுக்கு (அவர் படைப்பிரிவின் ஆவணங்கள் இருக்கும் அலுவலகம்) எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அதே திருத்தம்தான் நாளைக்கு அம்மாவின் குடும்ப பென்ஷனையும் காப்பாற்றும். அதனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. அப்பா இருக்கும்போது அவர் ஒரு கையெழுத்தில் முடிப்பதை, அவர் இல்லாதபோது அம்மா எத்தனையோ அலுவலகம் ஏறி முடிக்க வேண்டியிருக்கும்.

கார்டு வந்தபின் வழக்கமான பாதை இது. இசிஎச்எஸ்-ன் வெளிநோயாளி மருத்துவமனையான பாலிகிளினிக் வேலூரிலேயே இருக்கிறது. காலையில் டோக்கன், கார்டைப் பதிவு செய்தல், டாக்டர், மருந்து கவுன்ட்டர். நாள்பட்ட நோய்க்கான மாத்திரையை ஒரு மாதத்துக்குக் கொடுப்பார்கள். எழுதிய மருந்து இருப்பில் இல்லையென்றால் சும்மா திரும்பாதீர்கள். இல்லை என்று சீட்டிலேயே குறித்து முத்திரை வைக்கச் சொல்லுங்கள். வெளியே வாங்கி பில் கொடுத்துப் பணம் பெற அந்தக் குறிப்புதான் ஆதாரம். வாய்வார்த்தையாக 'ஸ்டாக் இல்லை' என்றதை நம்பி வாங்கியவர்கள் பில்லோடு திரும்பி வருவதைப் பாலிகிளினிக்கில் தினமும் பார்க்கலாம்.

பெரிய சோதனையோ அறுவையோ வேண்டுமென்றால் பாலிகிளினிக் டாக்டர் ரெஃபரல் கொடுப்பார். ராணுவ மருத்துவமனைக்கும் அனுப்பலாம், இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். சீட்டை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் நான்கு இடத்தைப் படியுங்கள்: பெயரும் கார்டு எண்ணும், எந்தப் பிரிவுக்கு, எதற்காக, எந்தத் தேதிவரை செல்லும். 'ஆலோசனை' என்று மட்டும் எழுதிய சீட்டில் ஸ்கேன் எடுக்க முடியாது. முழங்காலுக்கு எலும்புப் பிரிவு என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு அதே ஆஸ்பத்திரியில் இதய டாக்டரைப் பார்த்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். அங்கே உள்ள நிபுணர் புதிதாக ஏதாவது சோதனையோ அறுவையோ எழுதினால், அவசரம் இல்லாத பட்சத்தில், அதை எடுத்துக்கொண்டு திரும்ப பாலிகிளினிக் வந்து அனுமதி வாங்கிவிட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட வயது கடந்த மூத்தவர்களுக்கு வெளிநோயாளி ஆலோசனைக்கு ரெஃபரல் இல்லாமலே பட்டியல் ஆஸ்பத்திரிக்குப் போகும் சலுகை உண்டு.

இன்னொரு பொறி: ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்றால் எல்லாப் பிரிவுக்கும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம், பல்லுக்கு மட்டும் சேர்ந்திருக்கலாம். ஒப்பந்தக் காலம் முடிந்தும் போயிருக்கலாம். பில் பணம் தாமதமாக வருகிறது என்று ஆஸ்பத்திரிகள் விலகிக்கொள்வதும் நடக்கிறது. ஆகவே போவதற்கு முன் அன்றைய பட்டியலைப் பார்த்து, ஆஸ்பத்திரியின் இசிஎச்எஸ் மேசைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அவசரத்துக்கு ரெஃபரல் வேண்டாம். நெஞ்சுவலி, பக்கவாதம், மூச்சுத்திணறல், விபத்தில் பலத்த அடி, பாம்புக்கடி, விஷம், தாங்க முடியாத வயிற்று நோவு, சிறுநீரகம் திடீரென்று செயலிழப்பது போன்றவை அவசர வகையில் வரும். பட்டியல் ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் நேராக அங்கே போய்க் கார்டைக் காட்டுங்கள். முன்பணம் கேட்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்கு இணையத்தில் தகவல் அனுப்புவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. அனுப்பினார்களா என்று மறுநாள் காலையே கேட்டு உறுதி செய்யுங்கள், ஏனென்றால் அவர்கள் தவறவிட்டால் சண்டை நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்கும். கட்டச் சொல்லி வற்புறுத்தினால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். ரசீதோடு பாலிகிளினிக் பொறுப்பதிகாரிக்கும் இசிஎச்எஸ் மண்டல மையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்.

உயிர் போகிற நேரத்தில் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். எது பக்கமோ அங்கே போங்கள். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் முதலில் நீங்கள் கட்டி, பிறகு திரும்பப் பெற வேண்டும். அங்கே நீங்கள்தான் இரண்டு நாளுக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள்: மின்னஞ்சல், அல்லது தேதியும் கையெழுத்தும் வாங்கிய நகல். வெளியே வரும்போது மூன்று காகிதம் கேட்டு வாங்குங்கள்: டிஸ்சார்ஜ் சம்மரி, வகைவாரியாகப் பிரித்த அசல் பில்கள், எந்த நிலையில் கொண்டுவரப்பட்டார் என்று சொல்லும் அவசரச் சான்று. சம்மரியில் 'அட்மிஷனுக்கு வந்தார்' என்று மொட்டையாக எழுதியிருந்தால் கோரிக்கை அடிபடும். வந்த நேரம், அப்போதைய இரத்த அழுத்தம், இசிஜி-யில் கண்டது என்று எழுதியிருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்திருந்தால் அதன் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரையும் கேளுங்கள். திரும்பக் கிடைப்பது சிஜிஎச்எஸ் (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கட்டண விகிதப்படிதான், கட்டிய முழுத்தொகையும் அல்ல. நிலைமை கட்டுக்குள் வந்ததும் பட்டியல் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டால் கைநஷ்டம் குறையும்.

இப்போது அப்பாவின் உடம்பு. எந்த டாக்டரைப் பார்த்தாலும் வயது, சர்க்கரையோடு அவர் எந்த ஆர்ம் (படைப்பிரிவு), எங்கெல்லாம் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். பீரங்கிப் படையிலும் டாங்கியிலும் இருந்தவர்களுக்கு வெடிச் சத்தத்தால் உள்காதின் நுண்ணிய மயிர்ச் செல்கள் சாகும், அவை மறுபடி முளைக்காது. முதலில் போவது உயர்ந்த ஸ்தாயி. பேச்சில் ச, ஸ, த போன்ற ஒலிகள் மங்கும், கூட்டத்தில் பேச்சு பிரியாது. 'கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியல' என்று அவர் சொன்னால் அது பிடிவாதமோ மறதியோ அல்ல. ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுக்க ரெஃபரல் கேளுங்கள்; காது மெஷினுக்கு இசிஎச்எஸ்-ல் வரம்புத் தொகைக்குள் வழி உண்டு. மெஷின் வாங்கி மேசை டிராயரில் தூங்குவதற்குக் காரணம், வாங்கிய பிறகு இரண்டு மூன்று முறை போய் அளவு சரிசெய்யாததுதான். சர்க்கரைக்காரர் என்பதால் பாதத்தை மறக்காதீர்கள். மலைப்பகுதியில் பனிக்கடி பட்டிருந்தால் விரல்களில் உணர்ச்சி ஏற்கெனவே குறைவாக இருக்கும், அதன்மேல் சர்க்கரை சேர்ந்தால் சின்னக் கொப்புளமும் தெரியாமலே புண்ணாகும். இரவில் ஒரு தடவை விரலிடுக்கு வரை பார்த்துவிட வேண்டும்.

தூக்கமில்லாமை, சட்டென்று வரும் கோபம், பட்டாசுச் சத்தத்துக்குத் துள்ளுவது, பழையதைப் பேசவே மறுப்பது, மாலையானால் பாட்டில். இவற்றை 'மிலிட்டரிக்காரர் குணம்' என்று ஒதுக்கிவிடுவதுதான் நம் வீடுகளில் வழக்கம். அது சிகிச்சையால் சரியாகக்கூடியது. பாலிகிளினிக் வழியாக மனநல டாக்டருக்கு ரெஃபரல் உண்டு. நேரில் வர மறுத்தால் 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடியை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி மிரட்டாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை போகும். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

டிஸ்சார்ஜ் புக்கில் மெடிக்கல் கேட்டகரியை ஒருமுறை பாருங்கள். 'ஷேப் 1' (முழு உடற்தகுதி) தவிர வேறு ஏதாவது இருந்தால், வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு எத்தனை சதவீதம் கொடுத்தது, சேவையால் வந்தது அல்லது கூடியது என்று ஒப்புக்கொண்டதா என்று போர்டு ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். 20 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து மறுக்கப்பட்டிருந்தால் சென்னையிலுள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் கேட்க வழி இருக்கிறது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படாதவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும் என 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றுவரை அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் பலர் ஜெயிக்கிறார்கள்.

தாத்தாவின் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அதிகம் பேர் தேடுவது தவறான கல்லில். டில்லி இந்தியா கேட்டில் இருப்பவை முதல் உலகப்போர், 1919 ஆப்கன் போர்ப் பெயர்கள். 2019 பிப்ரவரி 25-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் இருப்பவர்கள் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர்விட்டவர்கள். சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 850-க்கு மேற்பட்ட இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் இருக்கின்றன, ஆனால் அவை தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் ஆங்காங்கே புதைக்கப்பட்டு 1952 வாக்கில் ஒன்றுசேர்க்கப்பட்டவை. பர்மாவில் போனவர் இவை எதிலும் இருக்க வாய்ப்பில்லை.

தேட வேண்டியது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை படையில் இருந்து இறந்தவர்கள் அதில் உண்டு. யாங்கூனுக்கு வடக்கே டாக்யானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னத்தில் கல்லறை தெரியாத ஏறத்தாழ 27,000 பேர் பெயர் தூண்களில் வெட்டப்பட்டிருக்கிறது. எரியூட்டப்பட்டவர்களுக்கு அதே இடத்தில் தனி நினைவுச்சின்னம் உண்டு. நாகாலாந்தின் கோகிமாவில் எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேருக்கும் அப்படியே ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் பிடிபட்டுப் போனவர் என்றால் அங்குள்ள கிராஞ்சி போர் நினைவிடத்தில் தேடுங்கள்.

பெயரை வைத்து மட்டும் தேடினால் கிடைக்காது. முனுசாமி என்பதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்தை மட்டும் கொடுத்து, நாடு மியான்மர், படை இந்தியா, வருடம் 1942 முதல் 1945 என்று சுருக்குங்கள். பிறகு கூடுதல் விவரத்தில் தந்தை பெயரையும் ஊரையும் பாருங்கள். வேலூர் மாவட்டம் என்று இருக்காது. அன்றைக்கு அது வட ஆற்காடு. திருநெல்வேலி 'டின்னவேலி', ராமநாதபுரம் 'ராம்நாட்', திருச்சி 'ட்ரிச்சினாபோலி' என்று கிடக்கும். ரெஜிமென்ட் தெரியாவிட்டால் மெட்ராஸ் சாப்பர்ஸ், மெட்ராஸ் ரெஜிமென்ட், பயனியர் கோர், ஆர்மி சர்வீஸ் கோர் என்று ஒவ்வொன்றாகப் போங்கள், வடஆற்காட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் இவற்றில்தான் போனார்கள். வீட்டில் பழைய மெடல் இருந்தால் விளிம்பிலும் பின்புறமும் நம்பரோ பெயரோ பொறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும்.

கிடைக்காமலும் போகலாம். அவர் சிப்பாயாகப் போய் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்திருந்தால் இந்தப் பதிவேட்டில் பொதுவாக வரமாட்டார். மலேயா தோட்டத்திலிருந்து சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்கு இழுத்துப்போகப்பட்ட தமிழர்களும் வரமாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் படையினர் அல்ல, கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். 'பர்மா சண்டைக்குப் போனார்' என்று வீட்டில் சொல்வது இந்த மூன்றில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கிராமத்துப் பெரியவர்களிடம் கேட்கும்போது 'எங்கே செத்தார்' என்று கேட்காமல், 'யார் வீட்டுக்கு மாதாமாதம் மணியார்டர் வந்தது, எப்போது நின்றது, பிறகு பாட்டிக்கு பென்ஷன் வந்ததா' என்று கேளுங்கள். பென்ஷன் வந்திருந்தால் அவர் படைக் கணக்கில் இறந்தவர். பதிவேட்டில் எங்கோ இருக்கிறார், எழுத்துக்கூட்டல்தான் மறைக்கிறது. கிடைத்து, ஊரோ தந்தை பெயரோ தவறாக இருந்தால் சான்றோடு ஆணையத்துக்கு எழுதலாம், பரிசீலித்துத் திருத்துவார்கள். பதிவில் எந்தச் சின்னம், அதில் எந்த முகப்பு என்று எண் இருக்கும். 27,000 பெயருக்கு நடுவில் ஒருவரைக் கண்டுபிடிக்க அந்த எண் வேண்டும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.